பன்னிரண்டாம் கட்டத்தில் பூஜ்யம்

ஜூன் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, உணவுப் பொதி மாற்று இயக்ககத்தின் மூன்றாம் மாடியில் ஏழாம் எண் கவுண்டரில், ஒரு சூப்புக்கடையின் உரிமப் புதுப்பிப்பு விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டது. விண்ணப்பத்தின் பன்னிரண்டாம் கட்டத்தில், 'கடந்த காலாண்டில் பயன்படுத்திய ஃபோம் பெட்டிகளின் எண்ணிக்கை' என்பதற்கு எதிரே, பூஜ்யம் என்று எழுதியிருந்தது.

கொண்டு வந்தவரை எல்லோரும் சூப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே பதினான்கு வருஷமாகக் கடை. காய்கறி சூப், கோழி சூப், தொட்டுக்கொள்ள ரொட்டி. வாங்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். ருசி பார்க்கிற மனநிலையில் இருப்பவர்கள் அல்ல, ஆனால் சூடு ஆறியிருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். கடையின் உரிமம் ஜூன் முப்பதோடு முடிகிறது. அந்தக் காகிதத்தை நம்பித்தான் இரண்டு வீட்டு அடுப்பு எரிகிறது. ஒன்று அவருடையது. இன்னொன்று, கடையில் கூட நின்று வேலை செய்யும், கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கும் தங்கையுடையது.

"இது என்னம்மா?" என்றார் கவுண்டர் எழுத்தர்.

"பூஜ்யம் சார்."

"அது தெரியுது. எத்தனை பெட்டின்னு எழுதணும்."

"ஒண்ணுகூட இல்ல சார். போன நவம்பரிலேயே நிறுத்திட்டேன்."

எழுத்தர் பெருமூச்சு விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையின் நடுவில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பதிமூன்றாம் கட்டத்தில் எத்தனை சதவீதம் குறைத்திருக்கிறார் என்பதை இயந்திரமே கணக்குப் போட வேண்டும். இல்லாத ஒன்றில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று அதற்குத் தெரியவில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர்களின் வேலையும் இதனால் கெடுகிறது என்று எழுத்தர் எடுத்துச் சொன்னார். பின்னால் நின்ற வறுவல்கடைக்காரர் போன காலாண்டில் ஒன்பதாயிரம் பெட்டியும் இந்தக் காலாண்டில் எண்ணாயிரத்து எண்ணூறும் பயன்படுத்தியவர். சக்கரம் நின்றதும் இரண்டே நிமிஷத்தில் அவருக்கு முத்திரை விழுந்தது. கூடவே, பூமி அவருக்கு நன்றி சொல்வதாக அச்சடித்த பச்சைத் தாள் ஒன்றும் கிடைத்தது.

போன நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. கடைக்குப் பின்னால் ஓடும் சாக்கடை ஆஸ்பத்திரிச் சுவரோரம் வளைகிற இடத்தில் அடைத்துக்கொண்டு, போன தண்ணீர் வந்த வழியே திரும்பியது. தங்கையின் வீடு பள்ளத்தில் இருக்கிறது. விடிந்து பார்த்தபோது சமையலறையில் முழங்கால் தண்ணீர். அதன் மேல் வெள்ளை வெள்ளையாய் மிதந்தவற்றைத் தங்கை முறத்தால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். உதவிக்கு ஓடிய சூப்பக்கா அதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூடியில் வட்டமாய்ச் சிவப்பு ஸ்டிக்கர், நடுவில் ஆவி பறக்கும் கிண்ணம். அவரே பென்சிலால் வரைந்து கொடுத்து அச்சகத்தில் அடிக்கச் சொன்ன படம்.

தங்கை மகளுக்கு நான்கு வயது. மூச்சிரைப்பு உண்டு. ஈரச் சுவர் காய்வதற்குள் அந்தக் குழந்தை இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தது. தங்கை அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சூப்பக்காவுக்கு மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அந்த வாரமே ஃபோம் பெட்டி நின்றது. தொண்ணூறு எவர்சில்வர் தூக்குகள் வந்தன; ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண் வெட்டியிருந்தது. வார்டில் இருப்பவர்களுக்குத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தால் அடுத்த வேளை வெறும் தூக்கோடு வருவார்கள். திரும்பி வர முடியாத வெளியூர்க்காரர்களுக்குக் கரும்புச் சக்கையை அழுத்திச் செய்த பெட்டி. முதல் வாரம் முணுமுணுத்தார்கள். பிறகு ஒருவர், சூப் இப்போதுதான் சூப் மாதிரி மணக்கிறது என்றார். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஃபோம் பெட்டியின் உள்பக்கம் நெகிழ்ந்து ஒரு வாடை கிளம்பும். பதினான்கு வருஷமும் அதைச் சூப்பின் மணம் என்றே எல்லோரும் நினைத்துக் குடித்திருக்கிறார்கள். அதன் பிறகு வாடிக்கையாளர்களைத் தூக்கின் எண்ணை வைத்தே அடையாளம் சொல்ல ஆரம்பித்தார்கள். 'முப்பத்திரண்டுக்கு உப்புக் குறைச்சு', 'ஏழுக்கு இன்னிக்கு டிஸ்சார்ஜ்.' ஏழு மாதத்தில் தொலைந்தவை நான்கு. அதிலும் ஒன்று மூன்று மாதம் கழித்து உள்ளே இரண்டு ஆப்பிளோடு திரும்பி வந்தது.

இதையெல்லாம் கவுண்டரில் சொன்னபோது எழுத்தர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பன்னிரண்டாம் கட்டத்தில் பூஜ்யம் எழுதுகிறவர்களில் இரண்டே வகைதான், மறைக்கிறவர்களும் விவரம் தெரியாதவர்களும், என்று சொல்லி விண்ணப்பத்தைச் சரிபார்ப்புப் பிரிவுக்கு அனுப்பினார். அன்று மத்தியானத்துக்குள் அந்தக் கட்டடத்தின் மூன்று மாடிகளிலும் அவருக்குப் 'பூஜ்யக்காரம்மா' என்று பெயர் விழுந்திருந்தது.

பதினாறாம் தேதி ஆய்வாளர் கடைக்கு வந்தார். பரணில் ஏறினார், அடுப்புக்கு அடியில் குனிந்தார், தங்கை வீட்டுக் கட்டிலுக்குக் கீழே டார்ச் அடித்தார். ஒரு ஃபோம் பெட்டியும் கிடைக்கவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவைக்கப்பட்டவர் மாதிரி அவர் முகம் சுருங்கிப்போயிற்று. போகிற போக்கில் அலமாரியைப் பார்த்தார்.

"அது என்ன?"

"தூக்கு சார்."

"மக்குமா?"

"மக்காது சார். கழுவுவோம்."

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "எத்தனை வருஷத்துல மக்கும்னு தோராயமா சொல்ல முடியுமா?"

"எங்கம்மாவோடது ஒண்ணு வீட்ல இருக்கு. நாப்பது வருஷமாச்சு. இன்னும் மக்கல."

அறிக்கையில், 'மக்காத பொதிகலன்கள், எண்பத்தேழு' என்று எழுதி, பக்கத்திலேயே, 'இவ்வகைப் பொருள் நாற்பது ஆண்டுகளாகியும் மக்கவில்லை என உரிமையாளரே ஒப்புக்கொண்டார்' என்றும் சேர்த்தார். சூப்பக்கா கையெழுத்துப் போட்டார். எதை மறுப்பது என்று அவருக்குப் புரியவில்லை. எழுதியிருந்ததெல்லாம் உண்மை.

அடுத்து கரும்புச் சக்கைப் பெட்டி. அதற்கு மக்கும் சான்றிதழ் எங்கே என்று ஆய்வாளர் கேட்டார். சூப்பக்கா பெட்டி வியாபாரிக்குப் போன் போட்டார். மறுமுனையில் அவர், "அத ஏங்க்கா கேக்குறீங்க" என்று ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். பெட்டி மக்குகிறதா என்று பார்க்க இயக்ககத்தின் சோதனைக்கூடம் அதை மண்ணில் புதைத்து நூற்றெண்பது நாள் வைக்கும். மாதிரி வழியில் நசுங்கிவிடக் கூடாது என்பதால் ஃபோம் பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டும் என்பது விதி. வியாபாரி அப்படியே அனுப்பினார். நூற்று எண்பத்தொன்றாம் நாள் தோண்டிப் பார்த்தபோது குழியில் ஒன்றும் இல்லை. 'மாதிரி காணப்படவில்லை, புதிய மாதிரியுடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்' என்று கடிதம் வந்தது. இரண்டாம் தடவையும் அதே கடிதம். "மூணாவது தடவ எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு பெட்டியாப் புதைக்கச் சொன்னேங்க்கா. ரெண்டையும் காணோமாம். இப்ப அங்க வாட்ச்மேன் மேல விசாரணை நடக்குது." மாதிரியைச் சுற்றி வைத்து அனுப்பிய ஃபோம் பெட்டிகள் மட்டும் சோதனைக்கூடத்தின் வாசலில் பூச்செடி வைக்கப் பயன்பட்டு வருவதாகவும், இன்று வரை புதுக்கருக்குக் குலையாமல் இருப்பதாகவும் அவர் சொன்னார்.

சான்றிதழ் இல்லாத பெட்டிகளை ஆய்வாளர் மூட்டை கட்டிச் சீல் வைத்தார்.

உரிமம் புதுப்பிப்பவர்கள் அனைவரும் விழிப்புணர்வுக் கருத்தரங்கில் கலந்துகொண்டிருக்க வேண்டும். பத்தொன்பதாம் தேதி, இயக்ககத்தின் குளிரூட்டிய அரங்கில் அது நடந்தது. மேடையில் துணை இயக்குநர். நல்ல குரல், நரைத்த கிருதா, யாரையும் கடிந்து பேசாத சுபாவம்.

"நண்பர்களே, இந்த இயக்ககம் தொடங்கியபோது நாங்கள் பதினோரு பேர். வாடகை அறை, மூன்று மேசை. ஃபோம் என்னும் அரக்கனை எதிர்த்து ஒன்பது ஆண்டுகள் ஓயாமல் போராடி இன்று நானூற்றுப் பதினாறு பேராக வளர்ந்து நிற்கிறோம். அரக்கனும் எங்களோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறான் என்று சிலர் கேலி பேசுகிறார்கள். அவன் வளராவிட்டால் எங்களுக்குப் புதிய கட்டடம் யார் கொடுத்திருப்பார்கள்?"

கைதட்டல் எழுந்தது. அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இந்தப் பெட்டியில் நாம் சாப்பிடுவது கால் மணி நேரம். அது இந்த மண்ணில் கிடக்கப்போவது ஐந்நூறு ஆண்டு. ஆகவே அவசரப்பட வேண்டிய அவசியம் இல்லை. படிப்படியாகக் குறைக்க வேண்டும். சிலர் ஒரேயடியாக நிறுத்திவிட்டு வந்து நிற்கிறார்கள். குறைப்பதற்கு ஒன்றுமே மிச்சம் வைக்காதவர்களுக்கு இந்த இயக்ககம் எப்படி உதவ முடியும்?"

சூப்பக்காவுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் மடியில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டார்.

மதிய உணவு ஃபோம் பெட்டியில் வந்தது. ஒவ்வொரு மூடியிலும், 'நான் விரைவில் விடைபெறுவேன்' என்று பச்சை எழுத்து. சூப்பக்கா பையிலிருந்து ஒரு தூக்கை எடுத்து, இதில் போட்டுத் தரச் சொன்னார். பரிமாறியவர் நல்ல மாதிரிதான்; ஆனால் முடியாது என்று தலையாட்டினார். வந்தவர்களை இங்கே தலை எண்ணிக் கணக்கெடுப்பதில்லை, பெட்டியை எண்ணித்தான். "நீங்க பெட்டி வாங்கலன்னா நீங்க வரலன்னு ஆயிடும்மா." ஏழு மாதத்துக்குப் பிறகு சூப்பக்கா ஒரு ஃபோம் பெட்டியைக் கையில் வாங்கினார். காற்றைப் பிடித்த மாதிரி, கனமே இல்லை. அதில் இருந்ததைச் சாப்பிட அவரால் முடியவில்லை. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பீரோவுக்கு மேல் வைத்தார். வெளியே எறிந்தால் அது எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும்.

இருபத்திரண்டாம் தேதி துணை இயக்குநர் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். எதிரே உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். சூப்பக்கா கவனித்தார்: டீ வந்தது ஃபோம் கோப்பையில். விண்ணப்பத்தை முழுசாகப் படித்தவர் அந்தக் கட்டடத்திலேயே துணை இயக்குநர் ஒருவர்தான்.

"உங்கள மாதிரி ஆளுங்கதாம்மா எங்களுக்கு வேணும். ஆனா உங்கள எந்தத் தலைப்புல சேர்க்கிறதுன்னு தெரியல."

"நிறுத்தினவங்கன்னு ஒரு தலைப்பு இல்லையா சார்?"

"அப்படி யாரும் வருவாங்கன்னு அப்ப யாரும் நினைக்கல." அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "நான் ஒரு வழி சொல்றேன். நீங்க கொஞ்சம் ஃபோம் வாங்குங்க."

"வாங்கி?"

"குறைங்க."

சூப்பக்காவுக்கு முதலில் அவர் விளையாடுகிறார் என்றே தோன்றியது. துணை இயக்குநர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். 'தொடக்கநிலைப் பயனாளர்.' புதிதாக ஃபோம் பயன்படுத்த ஆரம்பிப்பவர்களுக்கானது. குறைந்தபட்சம் முந்நூறு பெட்டி. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் பயன்படுத்தி முடித்தால் மூன்று மாதத் தற்காலிக உரிமம். அடுத்த காலாண்டில் இருபது சதவீதம் குறைத்தால் அப்புறம் டிசம்பர் வரை. தூக்குகளை வாடிக்கையாளர் பாத்திரம் என்று எழுதி அந்த எண்பத்தேழு மீதான குறிப்பைத் தானே அடித்துவிடுவதாகவும் சொன்னார்.

பெட்டிகளை வாங்கிப் பரணில் போட்டு வைத்தால் போதாதா என்று சூப்பக்கா கேட்டார். போதாது. பரணில் இருப்பது கையிருப்பு, பயன்பாடு ஆகாது. ஒவ்வொன்றும் உணவோடு கடையை விட்டு வெளியே போக வேண்டும். பொறுப்பு யாருடையது என்று தெரிவதற்காகக் கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும்.

"சார்," என்றார் சூப்பக்கா. "அந்தப் பெட்டி என் தங்கச்சி வீட்டு அடுப்படிக்குள்ள மிதந்துச்சு சார். என் ஸ்டிக்கரோட. அவ குழந்தைக்கு மூச்சு முட்டிப்போச்சு. அதனாலதான் நிறுத்தினேன். எந்தச் சட்டத்துக்காகவும் நிறுத்தல."

துணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணில் லேசாக ஈரம் இருந்தது.

"ரொம்ப வேதனையா இருக்கும்மா. இந்த மாதிரி இன்னொரு வீட்ல நடக்கக் கூடாதுன்னுதான் நாங்க இவ்வளவு பேர் ராப்பகலா உழைக்கிறோம்." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் கடைக்குப் பின்னால் தங்கை தூக்குகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சூப்பக்கா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். தங்கை சாம்பல் நாரைக் கீழே வைக்காமல் கேட்டாள். குழந்தை உள்ளே மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி விளையாடும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"வாங்கிடுக்கா," என்றாள் தங்கை.

"உன் வீட்டுக்குள்ளதாண்டி வரும்."

"கடை போச்சுன்னா வீட்டுக்கு வாடகை யாரு குடுக்கறது? வீடு இருந்தாத்தானே உள்ள தண்ணி வரும்."

தங்கை ஒரு தூக்கைக் கவிழ்த்து வைத்தாள். அதிலிருந்து தண்ணீர் வடிந்து, கல்லில் ஓடி, சாக்கடைப் பக்கம் போயிற்று. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்துமூன்றாம் தேதி முந்நூறு ஃபோம் பெட்டிகள் வந்து இறங்கின. பழைய ஸ்டிக்கர் சுருள் ஒன்று அலமாரி மூலையில் கிடந்தது, அதையே ஒட்டினார்கள். முப்பதாம் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பதால் தூக்குக்காரர்களுக்கும் பெட்டியிலேயே ஊற்ற வேண்டியிருந்தது. ஆய்வாளர் தினமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெளியே போகிற ஒவ்வொரு பெட்டிக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டார். பசித்தபோது ஒரு கோழி சூப் கேட்டார். அதைத் தன் வீட்டுப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள், பதினெட்டாம் எண் தூக்குக்காரர் வந்தார். மனைவி இரண்டு மாதமாகச் சிறுநீரக வார்டில் இருக்கிறார். ஒரு நாளும் தவறாமல் தூக்கைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவருகிற மனிதர். அன்றும் கொண்டுவந்திருந்தார். சூப்பக்கா அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டுப் பெட்டியை நீட்டினார்.

"என்னம்மா இது? சூடா இதுல ஊத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இந்த வாரம் மட்டும் இதுலதாண்ணே."

"ஏன், இந்த வாரம் மட்டும் ஒண்ணும் பண்ணாதாமா?"

அவர் குத்திக் காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பின்னால் வரிசை நின்றது. சூப்பக்கா ரொட்டியை ஒன்று அதிகமாக வைத்தார். ஆய்வாளர் ஒரு கோடு போட்டார். பதினெட்டாம் எண்காரர் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ரோட்டைக் கடந்தார். அதற்குப் பிறகு அவர் பக்கத்துத் தெருக் கடையில் வாங்க ஆரம்பித்தார். தூக்கு உள்ளேயே இருந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்த பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்று சூப்பக்கா எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். முந்நூறில் நாற்பத்தொன்று திரும்பின. மற்றவை ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டிக்குப் போயின. தொட்டி நிரம்பியதும் காற்று பார்த்துக்கொண்டது.

முப்பதாம் தேதி தற்காலிக உரிமம் கிடைத்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரை விதிப்படி இருநூற்று நாற்பது பெட்டி. வெளியூர்க்காரர்களுக்குக் கொடுக்கச் சக்கைப் பெட்டி இல்லாததால் அந்த ஃபோம் பெட்டிகள் தீர்வதில் சிரமம் இருக்கவில்லை. ஏழாம் கவுண்டரில் எழுத்தர் எண்ணைத் தட்டியதும் சக்கரம் ஒரு கணம்கூடச் சுற்றவில்லை. இருபது சதவீதம். பூமி நன்றி சொன்ன பச்சைத் தாள் வந்தது.

அக்டோபர் இரண்டாம் தேதி, இயக்ககத்தின் ஆண்டு விழாவில் சூப்பக்காவுக்குச் சிறந்த முன்னேற்றத்துக்கான சான்றிதழ் கொடுத்தார்கள். துணை இயக்குநர் தழுதழுத்த குரலில் வாசித்தார்: "வெறும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, முந்நூறு என்னும் நிலையை எட்டி, அங்கிருந்து துணிச்சலாக இருநூற்று நாற்பதுக்கு இறங்கி வந்தவர் இந்தச் சகோதரி. முடியாது என்று சொல்லும் வணிகர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்." வறுவல்கடைக்காரர் முன்வரிசையில் இருந்து கை தட்டினார். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் இருந்தது. உடையாமல் கொண்டுபோக நான்கு மூலைக்கும் ஃபோம் கட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள்.

ஏழாம் தேதி மழை ஆரம்பித்தது. ஒன்பதாம் தேதி காலை ஐந்து நாற்பதுக்குச் சாக்கடை ஆஸ்பத்திரிச் சுவரோரம் அடைத்துக்கொண்டது. ஆறு மணிக்குத் தங்கையின் சமையலறையில் முழங்கால் தண்ணீர். மிதந்தவற்றை இரண்டு பேருமாய் அள்ளி வாசலில் போட்டார்கள். முப்பத்தாறு பெட்டிகள். பத்தொன்பதில் வறுவல்கடையின் மஞ்சள் ஸ்டிக்கர். மூன்றில், 'நான் விரைவில் விடைபெறுவேன்.' பதினான்கில் சிவப்பு வட்டம்.

குழந்தை ஏழாம் வார்டில் ஐந்து நாள் இருந்தது. சூப்பக்கா வேளாவேளைக்குப் பதினெட்டாம் எண் தூக்கில் சூப் கொண்டுபோனார். கடையின் உரிமம் டிசம்பர் முப்பத்தொன்று வரை செல்லும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்கு அவருக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அதில் பாதி பதினைந்தாம் தேதி வந்து இறங்கியது.